எல்லைக் கழிக்கு அந்தப் பக்கம்

என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டே வலை உலர்த்திய என் நைனாவுக்கு,

உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா, தெரியவில்லை.

அந்த ஐப்பசிப் புயலில் ஏரிக்குப் போன நீ திரும்பாதபோது எனக்கு ஒன்பது வயது. உடல் கிடைக்காததால் அம்மா தாலியைக் கழற்றவில்லை. காரியம் செய்யவும் விடவில்லை. இப்போது 1986-ஆம் வருஷம். எனக்குப் பிள்ளையே பிறந்தாயிற்று. அம்மா படுத்த படுக்கை. போன மாதம்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள்: "உங்க நைனா பூட்டாருன்னு தெரியும்டி. எந்த நாளுன்னு தெரிஞ்சா ஒரு படையல் போட்டுட்டு நானும் நிம்மதியா பூடுவேன்."

பொன்னேரிக்கு நடையாய் நடந்து இறப்புப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். உன் பேர் இல்லை. அங்கிருந்த கிளார்க்குதான், "ஏரி முக்காவாசி ஆந்திராவுலதானேம்மா கீது, அங்க போய்ப் பாரு" என்றார்.

போனேன் நைனா. அக்கரை ஆபீசில் தெலுங்கில் இருந்ததைப் படித்துச் சொன்னார்கள். பேர் தெரியாத ஆண். வலது கையில் தமிழில் 'கன்னியம்மா' என்று அம்மா பேர் பச்சை குத்தியிருந்தது. கரையில் மயங்கிக் கிடந்தவனைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிவந்தார்கள். புயலடித்த நாலாம் நாள் உயிர் போனது. தேடி யாரும் வரவில்லை.

அத்தனை நாள் உயிரோடு இருந்தாயா? எங்கள் பேரைச் சொன்னாயா? உன் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லையா?

தேடாமலா இருந்தோம்! சித்தப்பாதான் ஊர்ப் படகுகளை எல்லாம் கூட்டிப் போனார். ஏரி நடுவில் எல்லைக்காக நட்ட கழி வரை துழாவிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கழிக்கு அந்தப் பக்கம் அக்கரைக்காரர்கள் பாடு, அவர்கள் மட்டும் மீன் பிடிக்கும் தண்ணீர். நம் படகு தாண்டினால் வெட்டுக்குத்துதான். மீனுக்குப் போட்ட எல்லையை மனிதனைத் தேடும்போதும் மதித்திருக்கிறார்கள், பாவிகள்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "கழி வரிக்கும் போனேம்மா. அதுக்கு மேல எப்பிடிப் போறது?" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

"நாளு தெரிஞ்சிச்சாடி?" என்றாள் அம்மா. சரியான நாளைச் சொன்னால், நீ அங்கே நாலு நாள் உயிரோடு கிடந்ததும் தெரிந்துவிடுமே!

"புயலன்னிக்கேதாம்மா."

"அவஸ்தப்படலியே?"

"இல்லம்மா. ஒடனே."

அவள் தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

இந்த ஐப்பசியில் புயல் நாளன்று அம்மாவோடு உட்கார்ந்து உனக்குப் படைப்பேன். அதற்கு நாலாம் நாள், என் வீட்டுக்காரர் படகில் அந்தக் கழியைத் தாண்டி வருவேன். எவன் மறித்தாலும் சரி. உன்னை எங்கே புதைத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்பேன். உன்னைத் தேடி ஒருத்தி வந்தாள் என்று அந்த ஊருக்குத் தெரியட்டும்.

உன் மூத்த மகள்,
செல்வி