திரும்பி வருவதற்கு என்ன அத்தாட்சி?

என் பிரியமுள்ள நாகம்மா,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சாமி பெயர்களையும் நாலைந்து பலகாரப் பெயர்களையும் தவிர உனக்குத் தமிழ் தெரியாது. எந்தக் காலத்திலோ மலாயாவுக்கு வந்துவிட்ட உங்கள் கம்போங் செட்டிக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் கும்பிடுவது நம் சாமிகளை, வீட்டில் பேசுவது மலாய். முப்பது வருடம் உன்னோடு மலாயில் குடித்தனம் நடத்தியவன் நீ போன பிறகு தமிழில் கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பாய்.

காரணம் இருக்கிறது. நம் மகள் தெய்வானை மேசையில் எந்தக் காகிதம் கிடந்தாலும் எடுத்துப் பார்க்கிறவள், உன்னைப் போலவே. அவளுக்கும் தமிழ் தெரியாது; அவள் படிக்கக் கூடாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நீ இருக்கும் இடத்தில் எல்லா மொழியும் புரியும் என்று உன் அண்ணன் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வதில் இதையாவது நம்பிப் பார்க்கிறேன்.

நீ போன இந்த இரண்டு வருடத்தில் ஊரில் என்னென்னவோ நடந்துவிட்டது. இந்த ஆகஸ்டில் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்தி உன் அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போய், நான்தான் மருந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. எனக்குக் குடியுரிமைக் காகிதம் வந்தது, அதைக் காட்டி பாஸ்போர்ட்டும் வாங்கினேன். பத்து வயதில் அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு இப்போது ஒரு நாடு இருக்கிறது.

பாஸ்போர்ட் எதற்கு என்கிறாயா? சிலோனுக்குப் போக. அக்காவைப் பார்க்க.

அக்காவைப் பற்றி உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்தியாவில் எங்கள் ஊரில் பஞ்சம் வந்தபோது அப்பா என்னை மலாயாவுக்குக் கூட்டி வந்தார், மாமா அக்காவைச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அவளுக்கு அப்போது பதினாலு வயது. நாற்பத்தைந்து வருடம் ஆயிற்று, ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. போன பங்குனியில் தோட்டத்து வாத்தியார் கையால் எழுதிய கடிதம் வந்தது. "கண்ணில் திரை விழுந்துவிட்டது தம்பி. ஒரு கண் போயே போச்சு. மற்றதும் போறதுக்கு முந்தி உன் முகத்தைப் பார்த்துடணும். வந்தா இங்கேயே இருந்துடு, உனக்கும் ஆள் இல்லை, எனக்கும் ஆள் இல்லை" என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

அவளால் இங்கே வர முடியாது. அங்கே இப்போது சட்டம் மாறிவிட்டது. சிலோன்காரி என்று சிலோனில் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், இந்தியாக்காரி என்று காட்டவும் அவளிடம் காகிதம் இல்லை. எந்த நாட்டிலும் சேராதவளுக்கு யார் பாஸ்போர்ட் கொடுப்பார்கள்? அதனால் நான்தான் போக வேண்டும், அந்த இன்னொரு கண் மங்குவதற்குள்.

இப்போது தெய்வானை படிக்கக் கூடாத விஷயம். நான் திரும்பி வருவதாக இல்லை, நாகம்மா. அக்கா கூப்பிட்டபடி அங்கேயே இருந்துவிடலாம் என்று பங்குனியிலேயே முடிவு செய்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆனால் சிலோன் விசா வாங்குவது லேசுப்பட்ட காரியமா? பண்டார் ஹிலிரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் "கொஞ்சம் சிரிங்க சார்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அக்கா இருக்கும் தோட்டத்துத் துரையிடமிருந்து, இந்த ஆளைத் தொழிலாளர் லயத்தில் தங்க அனுமதிக்கிறேன் என்று ஒரு கடிதம் வேண்டுமாம். அது வருவதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. போக டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது, திரும்பி வரும் கப்பல் டிக்கெட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டிவிட்டு அப்புறம் கிழித்துப் போட்டால் போச்சு என்று நினைத்துக்கொண்டு அதையும் எடுத்தேன்.

அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டு மஞ்சள் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். இங்கேதான் என் மானம் போயிற்று. காஜா பெராங் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவன் நான். என் பழைய வார்டில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அந்த மலாய் மிஸ்ஸி, நான் வேலை பழக்கிவிட்ட நர்ஸ் பெண், "பாச்சிக், தெங்கோக் டிண்டிங்" என்றாள். நான் பிள்ளைகளிடம் சொல்கிற அதே வார்த்தை, சுவரைப் பாருங்கள் என்று. சுவரைத்தான் பார்த்தேன். அந்தச் சுவரை அடுத்த கட்டிலில்தான் நீ கடைசிக் காய்ச்சலில் கிடந்தாய். அத்தனை வருடம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தும் உனக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊசி வலித்ததா என்று மிஸ்ஸி கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை விசாவுக்காகக் கோலாலம்பூரில் இருக்கும் சிலோன் ஆபீசுக்குப் போனேன். தனியாகப் போகக் கூடாது என்று தெய்வானையும் கூடவே வந்தாள். கவுண்டரில் இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அக்கா சிலோன் பிரசையோ?"

"இல்லீங்க."

"அப்ப இந்தியப் பிரசையோ?"

"அதுவும் இல்லீங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, தோட்டத்துக்குப் போய்த் திரும்பாமல் நிண்ட ஆக்கள் கனபேர். நீங்கள் திரும்பி வருவியள் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"ரிட்டர்ன் டிக்கெட் இருக்குங்க."

"டிக்கெட்டைக் கிழிச்சுப் போடலாம்தானே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் என் மனசைப் படித்துவிட்டாரோ என்று பயந்தேன்.

"மனுசி இருக்கிறாவோ?"

"தவறிப் போயிட்டாங்க. ரெண்டு வருசமாச்சு."

"பிள்ளையள்?"

"ஒரே மக. இதோ நிக்குது. கல்யாணம் ஆயிடுச்சு."

"வேலை?"

"இப்பதாங்க பென்சன் வாங்கினேன்."

"அப்ப ஆருக்காகத் திரும்பி வரப்போறியள்?"

கேள்வி நியாயமான கேள்வி. அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். என்ன கேட்கிறார் என்று தெய்வானை மலாயில் கேட்டாள். யாருக்காகத் திரும்பி வருவீர்கள் என்று கேட்கிறார் என்றேன். உன் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சொல்வதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தே சொன்னாள்: "கலாவ் மாக் பாலெக், சியாப்பா அடா டி ருமா?"

அவருக்கு மலாய் அவ்வளவாகப் புரியவில்லை போலிருக்கிறது, என் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை, என் வாயால் நானே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. "அம்மா வீட்டுக்கு வந்தா வீட்டுல யார் இருப்பான்னு கேக்குதுங்க."

"மனுசி தவறிப்போனா எண்டெல்லோ சொன்னியள்?"

"ஆமாங்க. அதனாலதான் வருவாங்க."

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் பார்ச்சு என்று ஒன்று உண்டு, போனவர்களுக்கு வாழை இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்து, சாம்பிராணி போட்டுக் கூப்பிடுவோம் என்றேன். மகள் அன்று மாமியார் வீட்டில் இலை போட வேண்டும். என் மனைவிக்கு நான்தான் போட வேண்டும், நான் இல்லாவிட்டால் வீடு பூட்டிக் கிடக்கும், அவள் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவாள் என்றேன். தெய்வானை ஒரு வார்த்தை புரியாமல் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிக்கு வரச் சொன்னார். போனபோது முத்திரை குத்தி வைத்திருந்தார். "ஒரு மாசம். நீட்டித் தர ஏலாது, ஐயா" என்றார். நன்றி சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது உன் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் திரும்பி வருவதில் அவளுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. எனக்கு அதுதான் குத்தியது. எனக்குள் ஒரு கோபம் இருந்தது நாகம்மா, சொன்னால் என்ன? உன் மேல்தான் கோபம். போன பார்ச்சுக்கு உனக்குப் பிடித்த புளிமீன் பிண்டாங் குழம்பை நானே வைத்தேன். நீ வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று. யாரும் வராத வீட்டில் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும், உயிரோடு இருக்கிற அக்காவிடம் போய்விடலாம் என்று அன்றைக்கே பட்டுவிட்டது.

நீ வருவாயா மாட்டாயா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், நீ வருவாய் என்று என் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரி இல்லை. நாக்குக் கூசவே இல்லை. இத்தனைக்கும் நான் பொய் சொல்லும்போதெல்லாம் காது சிவக்கும் என்று நீதானே கண்டுபிடித்தாய்?

அடுத்த வாரம் கப்பல். பார்ச்சுக்குள் திரும்ப வேண்டுமானால் அக்காவோடு மூன்று வாரம்தான் இருக்கலாம். நாற்பத்தைந்து வருடத்துக்கு மூன்று வாரம். என்னோடு இரு என்று கேட்ட ஒருத்தியிடம், தவறிப்போன என் பெண்டாட்டிக்காகத் திரும்பிப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு அது புரியுமா? கண் சரியாகத் தெரியாதவள்தானே, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதனால் இரண்டு காரியம் செய்வதாக இருக்கிறேன். போன முதல் நாளே, ஒரு கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே, அவள் எதிரில் உட்கார்ந்து, நான் திரும்பிப் போகப்போகிறவன் என்று சொல்லிவிடுவேன். அவள் அழுதால் நானும் அழுவேன். அப்புறம் கப்பலேறிவிடுவேன். பொங்கலுக்கு முந்தின நாள் நீ வரலாம், வராமலும் இருக்கலாம், அது உன் இஷ்டம். நான் வீட்டில் இருப்பேன்.

நீ அபாங் என்று கூப்பிட்ட உன் புருஷன்,
சாமிநாதன்