இரண்டு பேர் படித்த கடிதங்கள்

அக்கா, நீங்கள் படித்துச் சொன்ன ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று வருடம் நான் இன்னொருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உங்கள் காரியம் முடிந்து உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்த, என் கடிதங்களும் பதில் நகல்களும் இருந்த கட்டை இன்று காலை பிரித்தேன். பழைய கார்பன் தாள் வாசனை. கண்ணில் முதலில் பட்டது 'டேக்' (take) என்ற அந்த இங்கிலீஷ் வார்த்தை.

எண்பதுகளின் நடுவில், பம்மலில் எட்டுப் பெண்களை வைத்துத் தோல் கிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். வாங்குபவன் ஒரே ஒருவன், கடல் தாண்டி. எனக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் வரும். பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் உங்கள் டைப்பிங் கடை. நீங்கள் படித்துச் சொல்வீர்கள், நான் சொல்வதைப் பதிலாக அடிப்பீர்கள். எனக்குப் போட்டியாகத் தைத்த மூன்று பேரும் உங்களிடம்தான் வந்தார்கள். அதுதான் உறுத்தல்.

ஒரு கடிதத்தை நீங்கள் வாசித்தபோது டேக் என்று நான்கு இடத்தில் காதில் விழுந்தது. முதல் இடத்தில் சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்றீர்கள். அடுத்ததில், நீங்கள் சம்மதித்ததாக நினைக்கிறோம். மூன்றாவதில், உங்கள் வார்த்தையை நம்புகிறோம். கடைசியில், நிதானமாகச் செய்யுங்கள்.

"இன்னாக்கா, டேக்னா எடு தானே? எடத்துக்கு எடம் மாத்தி மாத்திச் சொல்றீங்க?"

"பஸ்ஸும் டேக்தான் தம்பி, மாத்திரையும் டேக்தான். லீவு, போட்டோ, ரிஸ்க், எல்லாம் அதே."

"இத்தினி வேலைய ஒரே ஆளு செஞ்சா நான் நம்ப மாட்டேன்."

"நம்ம 'போடு' மட்டும் என்னவாம்? சட்டை போடுற, சோறு போடுற, சண்டை போடுற, கையெழுத்துப் போடுற."

"அது நம்ம ஆளு. எங்க போவும், எங்க வரும்னு தெரியும்."

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அன்று முதல், "பதில் நாளைக்கு அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தோடு குரோம்பேட்டைக்குப் போவேன். அங்கே ரிட்டயர்டு கிளார்க் ஒருவர் இருந்தார். மூக்குப்பொடிப் பிரியர். அகராதியைப் புரட்டி, தும்மி, அரை நாள் கழித்து நீங்கள் சொன்னதையே சொல்வார். அப்போதும் என் சந்தேகம் ஓயவில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டிருந்தால்?

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. அடுத்த சீசன் ஆர்டர் முழுவதும் உனக்கே, பதில் உடனே வேண்டும் என்று வாங்குபவன் எழுதியிருந்தான். அன்றைய தபாலை விட்டால் எட்டுப் பேருக்கும் வேலையில்லை. முந்தின நாள் உங்களிடம் படித்தாகிவிட்டது, கிளார்க்கிடமும் ஆகிவிட்டது. பதில் அடிக்கக் கடிதத்தை நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்து என்னிடமே தள்ளினீர்கள்.

"நீ பொடி போடுறதில்லையே தம்பி. கடுதாசி மட்டும் மூணு வருஷமாப் போடுது."

கடிதத்தை மறுபடி உங்கள் பக்கம் நகர்த்தினேன்.

"பதிலையும் அவர்கிட்டயே அடிச்சுக்கோ."

"அவருக்கு மிஷின் தெரியாதுக்கா."

"ஒரு தடவையாவது நான் சொன்னது தப்பா இருந்துதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அடுத்த தடவ இருந்தா? எனக்கு எப்பிடித் தெரியும்?"

மன்னிப்பு கேட்டிருக்கலாம். உள்ளதைச் சொன்னேன். நீங்கள் மிஷினை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள்.

"சந்தேகப்படு, வேணாங்கல. மத்த மூணு பேரும் படறாங்க. ஆனா என் முகத்தைப் பார்த்துக் கேக்குறாங்க."

தபால் எடுக்க ஒரு மணி நேரம் இருந்தது. தாளைச் செருகினீர்கள்.

அதன் பிறகு கிளார்க்கிடம் நான் போகவில்லை. உங்களை முழுக்க நம்பினேன் என்று சொன்னால் அது பொய். வாங்குபவன் கோபமாக எழுதியதை எனக்காக நீங்கள் கொஞ்சம் தணித்துச் சொன்னீர்களோ என்று இன்றைக்கும் ஓர் ஐயம் உண்டு. அதைக் கேட்க ஆளில்லை. ஆனால் யார் மீது சந்தேகம் வந்தாலும் அவர் எதிரில் போய் உட்கார்ந்து கேட்பது அன்று வந்த பழக்கம். அதற்கு நீங்கள் போட்ட நிபந்தனை கடை மூடும் வரை மாறவில்லை: கடிதம் படிக்க ஒரு ரூபாய், பதில் அடிக்க மூன்று ரூபாய், சந்தேகம் கேட்டால் தனியாக இரண்டு ரூபாய், அதுவும் நேருக்கு நேர்.