பிரஷைக் கீழே வைத்த பிள்ளை

என்ட அன்பு ராணியக்கா,

நீ கண்ணை மூடி ஒரு வருசமாகிற்று. கடிதம் வாசிக்க உனக்கு எப்பவும் அலுப்பு. நாலு வரி தாண்டினாத் தாளை என்ட மடியில போட்டிட்டு, காது கேளாத எனக்குக் கையால சொல்லு எண்டுவாய். இப்ப கையால சொன்னாப் பாக்கிறதுக்கு ஆள் இல்ல, அதால எழுதுறன். மற்றவங்களும் வாசிக்கட்டும், முக்கியமா என்னைப்போல ஆஸ்பத்திரி வேலை செய்யிற ஆக்கள். நான் உனக்குச் செய்த பிழை ஒண்டு இருக்கு. அது பிழையெண்டு எனக்கே இந்த வருசந்தான் விளங்கினது.

முதல்ல புதினத்தைச் சொல்லுறன். பழுகாமத்து வீட்டில உன்ட தையல் மெசின் ஜன்னலடியிலதான் கிடக்கு, எண்ணெய் விடுறது நான். வேலையும் அதேதான், பள்ளிக்கூடப் புள்ளைகளின்ட பல்லுப் பாக்கிறது. தை மாசத்தில இருந்து வாவிக்கரையில இருக்கிற காது கேளாத புள்ளைகளின்ட பள்ளிக்கூடமும் என்ட பொறுப்பில வந்திருக்கு. கிழமையில ஒரு நாள் போய்ப் பல்லுத் தீட்டப் பழக்கிறன். ராணியக்காட தங்கச்சிக்குச் சைகை சொல்லியா குடுக்கோணும் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டுதான் போனன்.

முதல் நாளே மூக்குடைஞ்சுது. மற்றப் பள்ளிக்கூடங்களில செய்யிறது மாதிரி, போனில பல்லுத் தீட்டுற பாட்டைப் போட்டு, பாட்டு முடியுமட்டும் தீட்டுங்க எண்டு கையால சொல்லிப்போட்டு நிண்டன். பதினாலு புள்ளைகளும் வாய் நிறைய நுரையோட போனையே பாத்துக்கொண்டு நிக்குதுகள். பாட்டு எப்ப முடியும் எண்டு அதுகளுக்கு எப்பிடித் தெரியும்? நாப்பது வருசம் உன்னோட ஒரு வீட்டில வாழ்ந்த எனக்கு இந்தப் புத்தி வரேல்ல. நீ பாத்திருந்தா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சிருப்பாய்.

அங்க ஜெஸ்மின் எண்டு ஒரு டீச்சர், காத்தான்குடி ஆள், அவவுக்கும் காது கேளாது. அவதான் வழி சொன்னா. வலக்கையில பிரஷ் இருந்தா இடக்கை சும்மாதானே இருக்கு? வாயை அஞ்சாப் பிரிச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடக்கையில ஒரு விரல். மேல் பல்லு ரெண்டு பக்கம், கீழ்ப் பல்லு ரெண்டு பக்கம், சின்ன விரல் நாக்குக்கு. ஒரு பக்கம் தீட்டி முடிய நான் முன்னுக்கு நிண்டு ஒரு விரலை மடக்குவன், அதுகளும் மடக்கும். ரெண்டு கிழமையில பழகிற்றுதுகள். எனக்குச் சைகையில பேரும் வைச்சாச்சு, முன்பல்லில விரலால ரெண்டு தட்டு.

ஒரு புள்ள மட்டும் சரிவரேல்ல. நிலானி, எட்டு வயசு. மூண்டாவது விரல் வந்தவுடன பிரஷைப் பைப்படியில வைச்சிருவாள். நான் எடுத்துத் திரும்பவும் கையில திணிப்பன், அவள் திரும்பவும் வைப்பாள். சரியான பிடிவாதக்காரி எண்டு நினைச்சன். நாலாம் கிழமை பொறுமை போயிற்று. அவள்ட ரெண்டு கையையும் என்ட ஒரு கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நானே தீட்டிவிட்டன்.

ஜெஸ்மின் டீச்சர் ஓடிவந்து என்ட தோளில ஒண்டு போட்டா. செல்லத் தட்டு இல்ல, அடிதான். "கையை விடுங்க. அவளைக் கதைக்க விடுங்க" எண்டு கையால சொன்னா.

விட்டன். நிலானி ரெண்டு கையாலயும் கொட்டித் தீத்தாள். கடைவாய்க் கொடுப்புப் பல்லில பிரஷ் பட்டா நோகுது, ரத்தம் வருது, சோறும் மற்றப் பக்கத்தாலதான் சப்புறன், அதைச் சொல்லத்தான் பிரஷை வைச்சன், வைக்க வைக்க நீங்க தூக்கித் தாறீங்க. பாத்தா பல்லைச் சுத்தி முரசுச் சதை வீங்கி, பல்லு சூத்தை பிடிச்சுக் கிடக்கு. மூண்டு கிழமையா அவள் சொல்ல வந்திருக்கிறாள், நான் விடேல்ல.

அண்டைக்கு எனக்கு உன்ட பல்லு ஞாபகம் வந்துது. உனக்கு இருபத்தி மூண்டு, எனக்குப் பத்தொன்பது. பல்லுப் பிடுங்க உன்னை நான்தான் கூட்டிக்கொண்டு போனன். விறைக்கிற ஊசியைப் போட்டிட்டு, "அக்காட கையைப் பிடிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி" எண்டார் டொக்டர். பாசத்திலதான் பிடிச்சன். நீ இழுக்க இழுக்க இறுக்கினன். மூண்டு நாள் நீ என்னோட கதைக்கேல்ல. நாலாம் நாள், அண்டைக்கு விறைக்கேல்ல எண்டு சொன்னாய். அதை அப்பவே சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டன் நான். என்ன நெஞ்சோட கேட்டன் அக்கா? ஒரு பார்வை பாத்திட்டு நீ தையல் மெசினுக்குப் போயிற்றாய்.

மறுகா போன வருசம், ஆஸ்பத்திரியில உன்ட கடைசி நாள். இடக்கையில சேலைன் ஊசி குத்தி அசைக்கேலாமக் கட்டியிருந்தாங்க. வலக்கை என்ட ரெண்டு கைக்குள்ளயும். பின்னேரம் ரெண்டு தரம் கையை இழுத்தாய். பயப்பிடுறாய் எண்டு நினைச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சன். "தங்கச்சி கையை விடவேயில்லகா" எண்டு பாக்க வந்த ஆக்கள் கண்கலங்கினாங்க. எனக்கும் அது ஒரு ஆறுதலாத்தான் இருந்துது, நிலானி பிரஷைக் கீழ வைக்குமட்டும்.

என்ன சொல்ல வந்தாய் அக்கா? தண்ணி கேட்டியா? தலையணையைச் சரியாக்கச் சொன்னியா? இல்லாட்டி எனக்கெண்டு ஏதும் வைச்சிருந்தியா? ஆரிட்டக் கேக்கிற?

போன செவ்வாய்க்கிழமை நிலானிட பல்லைப் பிடுங்கினன். "கையைப் பிடிக்கவா மிஸ்?" எண்டு உதவிக்கு நிக்கிற பிள்ளை வந்தா. வேண்டாம் எண்டன். ஏதும் சொல்ல இருந்தா இடக்கையைத் தூக்கு, நான் நிப்பாட்டுவன் எண்டு நிலானிக்குச் சொன்னன். ரெண்டு தரம் தூக்கினாள். முதல் தரம், இன்னும் விறைக்கேல்ல எண்டாள். இன்னொரு ஊசி போட்டுக் காத்திருந்தன். ரெண்டாந்தரம், லைட் கண்ணில அடிக்குது எண்டாள். அவ்வளவுதான், லைட்டை அங்கால திருப்பினன், பல்லு வந்திட்டுது. கடதாசியில சுத்திக் கொண்டுபோயிற்றாள்.

ஒரு வாக்குத் தாறன் அக்கா. என்ட கதிரையில இருக்கிற எந்தப் புள்ளட கையையும் இனி நான் பிடிக்கமாட்டன், மற்ற ஆக்களைப் பிடிக்கவும் விடமாட்டன். என்ட உள்ளங்கையை விரிச்சுப் பக்கத்தில வைப்பன். பிடிக்கிறதெண்டா அதுகள் பிடிக்கட்டும். சொல்ல ஏதும் இருந்தா கையை எடுத்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கடைசிமட்டும் உன்ட கையை விடாத தங்கச்சி,
வசந்தி