குளிரறையில் காத்திருக்கும் தாய் தந்தை விதைகள்

அனுப்புநர்:
லுயாண்டோ ஹமூங்கா,
மக்காச்சோள ரக ஆராய்ச்சியாளர்,
லுவேசி விதை நிறுவனம்,
சோமா, தென் மாகாணம், சாம்பியா.

பெறுநர்:
மேற்பார்வை இயக்குநர் அவர்கள்,
பங்குச் சந்தை நிறுவனங்கள் கண்காணிப்பு அலுவலகம்,
லுசாகா.

பொருள்: இயங்காத ஆராய்ச்சிப் பிரிவை இயங்குவதாக ஆண்டறிக்கையில் காட்டியது குறித்தும், கெட்டுக்கொண்டிருக்கும் மூல விதைகளை வரும் மழைக்கே விதைக்க ஆணையிடக் கோரியும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

கடந்த ஒன்றரை ஆண்டாக மேற்கண்ட நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு என்பது நான் ஒருத்தி மட்டுமே. சம்பளம் தரும் இடத்தைப் பற்றி வெளியே முறையிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முறையிடாமல் அதே சம்பளத்தை வாங்கிக்கொண்டிருப்பது அதைவிடக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

1. செம்பு விலை ஏறியிருந்த ஆண்டுகளில் எங்கள் பிரிவில் ஒன்பது பேர் இருந்தோம். வறட்சி தாங்கும் ஒரு மக்காச்சோள ரகத்தை உருவாக்கி வந்தோம். சென்ற ஆண்டு செம்பு விலை விழுந்தது. சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தன. சுரங்கத்தில் இருப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் இங்கே பாதிக் குடும்பங்கள் விதை வாங்குகின்றன. ஆகவே எங்கள் விற்பனையும் விழுந்தது. அறுவடைக்குச் சற்று முன்பு எட்டுப் பேரை நிறுத்திவிட்டார்கள். நல்ல காலத்தில் லுசாகாவில் தொடங்கிய நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டட வேலை மட்டும் நிற்கவில்லை. வியாபாரம் மந்தமாக இருக்கும்போதுதான் ஆட்களும் நிலமும் சும்மா இருக்கும், ஆராய்ச்சிக்கு அதுவே தோதான நேரம் என்று பொருளியல் நூல்களில் படித்திருக்கிறேன். எங்கள் நிறுவனம் நேர்மாறாகச் செய்தது.

2. இதற்குக் காரணம் செம்பு மட்டுமல்ல. நிர்வாக இயக்குநர் திரு. கபாசோ முசொண்டா அவர்களே இயக்குநர் குழுவின் தலைவராகவும் இருக்கிறார். அவரைக் கேள்வி கேட்க வேண்டிய கூட்டத்தை அவரே நடத்துகிறார். இயக்குநர்களின் ஊக்கத்தொகை அந்தந்த ஆண்டின் லாபத்தைப் பொறுத்தது. ஒரு ரகம் உருவாக ஏழெட்டு மழைக்காலம் வேண்டும். அதற்குள் இயக்குநர்கள் இரண்டு முறை மாறிவிடுவார்கள். ஆராய்ச்சியை வெட்டினால் அந்த ஆண்டே லாபம் கூடித் தெரியும். ஒரே ஒரு வெளி இயக்குநர் இதை எதிர்த்தார். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர் பெயர் மீண்டும் முன்மொழியப்படவில்லை. நான் நேரில் சென்று கேட்டபோது திரு. முசொண்டா கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "செம்பு வெல ஏறட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம். ஆராய்ச்சி எங்க ஓடிடப்போவுது?" என்றார். அந்தத் தேநீரை நான் குடித்துவிட்டு வந்தேன்.

3. இந்த ஆண்டு மார்ச் மாதம் பங்குதாரர்களுக்காக வயல் விழா நடந்தது. எங்கள் சோதனைத் திடலில் அப்போது நின்றது, கடைகளில் விற்கும் பழைய ரகம். அதன் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அச்சாகி வந்த ஆண்டறிக்கையில் அப்படத்தின் கீழ், "வறட்சி தாங்கும் புதிய ரகத்துடன் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு" என்றிருந்தது. விழாவின் கூடாரம், கோழிக்கறி, நடனக்குழு, எட்டுப் பேரை அனுப்பக் கொடுத்த இழப்பீடு ஆகிய எல்லாம் ஆராய்ச்சிச் செலவில் சேர்க்கப்பட்டுள்ளன. அதனால் ஆராய்ச்சிக்கு முந்தைய ஆண்டைவிட அதிகம் செலவிட்டதாக அறிக்கை பெருமைப்படுகிறது. அது சரிதான் என்று நான் ஒப்பமிட வேண்டும் என இந்த வாரம் கேட்டிருக்கிறார்கள். இதுவரை ஒப்பமிடவில்லை.

4. அந்த விழாவுக்குச் சமைக்க அழைக்கப்பட்டவர்கள், முன்பு எங்கள் திடலில் கதிர்களுக்குக் காகித உறை மாட்டி மகரந்தம் சேர்த்த பெண்கள். அவர்களில் மூத்தவரான பினா சோல்வே, களி கிண்டிய துடுப்பை என் பக்கம் நீட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க எல்லாரையும் தூத்திட்டு உன்ன மட்டும் வெதைக்கு வச்சிருக்காங்களாக்கும்! நட்டா மொளைப்பியாடி?" மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரே என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தார். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

5. எங்கள் சோதனை விதைகளை விவசாயிகளிடமும் கொடுத்து வளர்ப்போம். அறுவடையானதும் நாங்களே போய்க் கதிர்களை எடைபோட்டு எடுத்து வருவது வழக்கம். ஆட்களை நிறுத்திய அந்த ஆண்டு நான் உட்பட யாரும் போகவில்லை. மொன்சே ஊருக்கு அருகே என் தாய்மாமா ஹமபாண்டு அவர்களும் அப்படி வளர்த்தவர்களில் ஒருவர். மழை பாதியில் நின்ற அந்த ஆண்டில், அவர் நிலத்தில் இந்த ரகம் மட்டுமே கதிர் விட்டது. சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறைப் புகை படும்படி அடுப்புக்கு மேலே அந்தக் கதிர்கள் இன்னும் கட்டித் தொங்கின. "ஆபீஸ்காரங்க வந்து எடை போடுவாங்கன்னு வச்சிருக்கேன். புள்ளைங்க பசின்னு அழுதப்பகூட உங்க அத்தைய அதுல கைவைக்க விடல. இனி நீங்க வரமாட்டீங்க போல. இந்த மழைக்கு நாமளே வெதச்சிடலாம்னு அஞ்சு வீட்டுக்குப் பங்கும் பிரிச்சாச்சு" என்றார்.

எங்களுடையது கலப்பின ரகம்; அதன் கதிரை எடுத்து விதைத்தால் அடுத்த பயிர் அதே போல வராது. ஒன்று உயரும், ஒன்று குட்டையாகும், பாதி காய்க்காது. ஒவ்வொரு முறையும் அதன் தாய் விதையையும் தந்தை விதையையும் தனித்தனியே வளர்த்து, மறுபடி சேர்த்துத்தான் விதை எடுக்க வேண்டும். பட்டினியில் காப்பாற்றி வைத்த கதிர்கள் விதைக்கு ஆகாது என்பதை அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்து அடுப்புக்கு மேலே தொங்கியவற்றைப் பார்த்தார். பிறகு, "அப்ப நெசமான வெதை எங்கதான் இருக்கு?" என்று கேட்டார். எங்கள் அலுவலகக் குளிரறையில் இருக்கிறது என்றேன். "அங்க உக்காந்து அது என்ன பண்ணுது, மருமவளே?" என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

6. அம்மையீர், அது அங்கே செத்துக்கொண்டிருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் குளிரறைக்கு ஓட வேண்டிய ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதைச் சிக்கனத்தின் பெயரில் நிறுத்திவிட்டார்கள். மழைக்கு முந்தைய இந்த அக்டோபர் வெயிலில் அந்த அறை பகலெல்லாம் சாதாரண அறைதான். ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன். தந்தை விதை பத்தில் ஏழு முளைக்கிறது. தாய் விதை பாதிகூட இல்லை. சென்ற மழையை விட்டோம். இந்த மழையையும் விட்டால் அடுத்த ஆண்டு விதைக்க எதுவும் மிஞ்சாது. செம்பு விலை ஏறிய பிறகு எத்தனை பேரை வேலைக்கு வைத்தாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனவே ஆண்டறிக்கையின் ஆராய்ச்சிக் கணக்கைத் தங்கள் அலுவலகம் விசாரிக்க வேண்டும் என்றும், அந்த விசாரணை முடியும்வரை காத்திராமல் தாய், தந்தை என்னும் இந்த மூல விதைகளை உடனே விதைக்க ஆணையிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனத்தால் முடியாது என்றால், அரசு விதைப் பண்ணையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். விதைக்கக் கால் ஏக்கர் போதும். மகரந்தம் சேர்க்க பினா சோல்வேயும் மற்ற பெண்களும் கூப்பிட்டால் வருவார்கள். என் பெயரை மறைக்க வேண்டியதில்லை. இந்த மனுவின் படியைத் திரு. முசொண்டா அவர்களுக்கும் இன்று காலை என் கையாலேயே கொடுத்துவிட்டேன்.

இந்த மழைக்குக் கடையில் கிடைப்பதை விதையுங்கள், அடுத்த மழைக்கு நல்ல விதையை நானே கொண்டுவந்து தருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல முடியாமல் சொன்ன வார்த்தை அது. அவர் அதை நம்பி, கதிர்களை அவிழ்த்து அன்றே மாவாக்க அனுப்பிவிட்டார். என் வார்த்தையைத் தவிர அவரிடம் இப்போது வேறு விதை இல்லை. தயவுகூர்ந்து மழைக்கு முன் ஒருவரை அனுப்புங்கள்.

நாள்: 19 அக்டோபர் 2016
இடம்: சோமா

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
லுயாண்டோ ஹமூங்கா