கப்பலேறியது பிஸ்கட்தான்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அண்ணியும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். கடிதத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடித்தானே ஆக வேண்டும்? அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய முதல் சரக்கு முழுக்க விற்றுப்போய்விட்டது! கடைக்காரம்மா நம் உப்பு பிஸ்கட்டைக் கீழ்த்தட்டில், துணி சோப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சண்டை போட்டேன். "வித்துக் காட்டு, மேல வைக்கிறேன்" என்றாள். சனிக்கிழமைதோறும் கடை வாசலில் தட்டேந்தி நின்றேன். ஒரு கடி கடித்தவர்கள் திரும்பி வந்தார்கள். இப்போது இரண்டாவது சரக்கு கண்மட்டத்தில் இருக்கிறது.

ஒரு குறை. பெட்டியின் அடியில் இருப்பவை நொறுங்கியே வருகின்றன. உங்கள் ஆட்கள் பெட்டி அடுக்குகிறார்களா, மூட்டை எறிகிறார்களா?

இங்கே சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஆகாது. துணுக்கு பட்டாலே மூச்சடைத்துவிடும். மகளைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மா, "இதுல கடலை இருக்கா?" என்று கேட்டாள். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, "எங்க அண்ணன் செய்யறது. கடலைங்கிற பேச்சே இல்ல" என்றேன். வாங்கிப் போனாள்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 27

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தட்டேந்தி நின்னாளா!" என்று ஒரு பாட்டம் அழுதாள். பிறகு அதையே தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிஸ்கட் நொறுங்கினால் நான் என்ன செய்ய? கடல் ஆடுகிறது. அட்டையைத் தடிமனாக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே டிசம்பரிலேயே கடலை பிஸ்கட் தொடங்கி, பிய்த்துக்கொண்டு போகிறது. தனி மெஷின் எதற்கு? காலையில் கடலை, மதியம் உன் உப்பு பிஸ்கட், எல்லாம் ஒரே மெஷின்தான். துடைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறோம். இப்போது நீ சரக்குப் போடும் கடைகளில் இருப்பதும் அப்படிச் செய்ததுதான், ருசியில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? அடுத்ததற்கு எவ்வளவு வேண்டும் என்று எழுது.

உன் அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு, வீட்டுச் செருப்போடு கடைக்கு ஓடினேன். பாக்கெட்டுகளை எல்லாம் அள்ளினேன். "பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கடைக்காரம்மா கையைப் பிடித்தாள். பிடுங்கிக்கொண்டு மற்றக் கடைகளுக்கும் போனேன்.

ஆனால் முந்தின நாளே, கடலை இருக்கா என்று கேட்ட அந்த அம்மாவின் மகள் அதைத் தின்றிருக்கிறாள். உதடு வீங்கி, மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பிழைத்துவிட்டாள். அது உறுதியாகத் தெரிந்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன்.

உணவு அலுவலகத்தில் விசாரிக்கிறார்கள். மெஷினை நிறுத்துங்கள். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள்.

தங்கை


மார்ச் 24

தங்கச்சி,

பிள்ளை பிழைத்துவிட்டதல்லவா? ஊதிப் பெரிதாக்காதே. வேறு எதைத் தின்றதோ!

வக்கீலைப் பார்த்துவிட்டேன். கடைக்காரிதான் பாக்கெட்டைப் பிரித்து, தன் கடலையோடு கலந்து விற்றாள் என்று வாக்குமூலம் தயாராகிவிட்டது, இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடு. அவள் யாரோ, நான் உன் கூடப்பிறந்தவன். இந்த அடுப்பை நம்பி எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது என்பது உனக்குத் தெரியாததா?

நீ வாயைத் திறந்தால் குடும்ப மானம் கப்பலேறும். அப்புறம் உனக்குப் பிறந்த வீட்டுக் கதவு திறக்காது. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இருக்காது, தேட வேண்டாம்.

அதைக் கடைக்காரம்மாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "இதை எதுக்கு எங்கிட்ட காட்டற?" என்றாள். "நாளைக்கு வேற யாராச்சும் கையெழுத்துப் போட்டா நீங்க தயாரா இருக்கணும்ல?" என்றேன். நான் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உணவு அலுவலகத்துக்கு உங்கள் பிப்ரவரிக் கடிதத்தோடு நானே போனேன். "சொந்த அண்ணன் மேலயே சொல்றீங்களா?" என்றார் அதிகாரி. "விக்கிறது நான் சார். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்" என்றேன். என் இறக்குமதி உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்கும் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தாள். "கடலைங்கிற பேச்சே இல்லன்னு சொன்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தில் அறைந்தாற்போல் சாத்திவிட்டாள். உள்ளே சிறுமி யாரிடமோ வீடு அதிரச் சண்டை போடுவது கேட்டது. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

மானம் கப்பலேறும் என்றீர்கள். கப்பலேறியது பிஸ்கட்தான் அண்ணா. மானத்தை நான் ஏற்றவிடவில்லை. அடுப்பை நம்பியவர்களைப் பற்றி எனக்குச் சொல்லாதீர்கள். கல்யாணம் வரைக்கும் அவர்களோடு உட்கார்ந்து பாக்கெட் ஒட்டியவள் நான். அவர்களுக்கு வேண்டியது இன்னொரு மெஷின். என் பொய் இல்லை.

அம்மா சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். நேற்று பக்கத்து வீட்டு போனிலிருந்து அம்மா பேசினாள். "அவன் எம்பேரைச் சொல்லி என்னமோ எழுதியிருக்கானாமே? நான் ஒண்ணும் சொல்லலடி. நீ சாப்பிட்டியா?"

தனி மெஷின் போட்டால் எழுதுங்கள். நானே வந்து, மாவு பிசைவதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் வாங்குவேன். அதுவரைக்கும் உங்கள் பெட்டி ஒன்றுகூட இந்தத் துறைமுகத்தில் என் பெயரில் இறங்காது.

கதவைச் சாத்துவதானால் சாத்திக்கொள்ளுங்கள். அம்மா உள்ளே இருக்கிறாள். நான் வந்து தட்டத்தான் செய்வேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்