அப்பாவுக்காகப் போன டெஸ்ட்

கண்ணு,

அப்பாவை ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சாவி எங்கே, கண்ணாடி எங்கே என்று கொஞ்ச நாளாக வீட்டையே தலைகீழாக்கினாரே, அதற்குத்தான். நர்ஸ் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். அது சொல்லும் வார்த்தைகளைச் சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். விரலால் கடிகாரம் வரைய வேண்டும். ஞாபக சக்திக்கான டெஸ்டாம்.

உன் அப்பா ஒரே அடம். "அவ முதல்ல பண்ணட்டும், அப்புறம் நான் பண்றேன்." சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

அவர் எல்லாவற்றையும் மணிமணியாகச் சொல்லிவிட்டார். என்னை மட்டும் நர்ஸ் மறுபடி பண்ணச் சொன்னாள். மிஷின் கோளாறு என்றேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்திடலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ சாவி, கண்ணாடி எல்லாம் நாடகமா?"

"வேற எப்படி நீ இங்க வருவ?"

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீ அழுத."

கடைசித் தடவை நீதான் என் கண்ணைத் துடைத்துவிட்டாயாம். நிஜமா, கண்ணு?

உன் அம்மா