நாலை விழுங்கிய அழகான எழுத்து

செவ்வாய்க்கிழமை, இரவு

பாலக்கரை செல்வியின் அப்பாவைக் காணவில்லை என்ற அறிவிப்பு இன்று எங்கள் பேப்பரில் வந்தது. எழுதியவன் நான். ஃபோன் நம்பரை அவளிடம் இரண்டு முறை படித்துக் காட்டியே அச்சுக்குக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு ஜீயபுரத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர் ஆபீசுக்குப் பேசினார். "என்னங்க நம்பர் போட்டிருக்கீங்க? அந்தப் பெரியவர் என் கடையிலதான் பன் தின்னுக்கிட்டு இருந்தாரு. மூணு தடவை அடிச்சேன், யாரோ எடுத்துத் திட்டுறாங்க. அதுக்குள்ள குளித்தலை பஸ்ல ஏறிட்டாரு."

பேப்பரைப் பார்த்தேன். போன வாரம் மாற்றிய புது அச்செழுத்து. தண்டு தடிமன், மற்ற கோடெல்லாம் முடியளவு மெல்லிசு. தலைப்பில் கம்பீரம்தான்; கல்யாணப் பத்திரிகைக்கும் பொருந்தும். பேப்பரில் பொடியாக அடித்தால் மெல்லிய கோடு பதியாது. நம்பரில் இருந்த 4-க்குத் தண்டு மட்டும் மிஞ்சி, 1 போல நின்றது. அறிவிப்புகளுக்கு இது வேண்டாம் என்று அன்றே சொன்னேன்.

பக்கம் வடிவமைக்கும் சரவணனிடம் காட்டினேன். "ஸ்கிரீன்ல பாருங்கண்ணே, எவ்வளவு ராயலா இருக்கு."

"ஸ்கிரீனையா தம்பி வீடு வீடா போடுறோம்?"

நாளை திருத்தம் போடலாம் என்றார் ஆசிரியர். அதே எழுத்தில், அதே அளவில்.

செல்வி நாள் முழுக்க ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாளாம். "ஒருத்தர்கூடப் பார்க்கலையா சார்?" என்று கேட்டாள். பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவளோடு குளித்தலை போகிறேன். நம்பரைப் பெரிதாக, என் கையாலேயே நாற்பது தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.